பேய் மேல் போட்ட பழி

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றில் போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருந்ததை நம்பி ‘ட்வின் பீக்ஸ்’ தொடரைப் பார்த்தேன். லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் கொன்றது அவளுடைய அப்பா லீலண்ட், அவருக்குள் புகுந்திருந்த பாப் என்ற பேய்தான் அப்படிச் செய்ய வைத்தது என்று தெரிந்ததும் ஏமாந்துபோன மாதிரி இருந்தது. கொலைக் கதையில் பேயைக் கொண்டுவருவது எழுதுகிறவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழிதானே? அதற்கப்புறம் சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டேன். இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது பேய் வந்த இடத்தின் மீது போகக்கூடாது, பேயைச் சாக்காக வைத்து அப்பாவை விடுவித்த இடத்தின் மீது போகவேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு இடங்கள்.

1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உடல் கரையொதுங்குகிறது. வழக்கமான துப்பறியும் தொடராக இருந்தால் உடனே தடயம் தேடக் கிளம்பிவிடுவார்கள். இங்கே முதலில் வருவது துக்கம். லீலண்டோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு என்ன ஆனது என்று லாராவின் அம்மா சாராவுக்குப் புரிந்துவிடுகிறது. அவளுடைய ஓலம் ரிசீவர் வழியாக வந்துகொண்டே இருக்கிறது. வகுப்பறையில் காலி நாற்காலியைப் பார்த்ததும் தோழி டானாவுக்கும் விளங்கிவிடுகிறது, யாரும் சொல்லவே வேண்டியதில்லை. கொலையான பெண்ணுக்காக இவ்வளவு நேரம் அழுத குற்றத் தொடர்கள் குறைவு.

சரி, பேய்க்கு வருவோம். சாராவின் கண்ணுக்கு பாப் முதலில் எங்கே தெரிகிறான்? லாராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பதுங்கியபடி. காவல்துறையும் எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பரும் சூதாட்ட விடுதி, போதைப்பொருள், ஊர்ப் பணக்காரர் என்று வெளியே தேடிக்கொண்டிருக்கிறார்கள். குற்றவாளி வீட்டுக்குள், மகளின் படுக்கையறையில் இருக்கிறான் என்பதைத் தொடர் நமக்கு ஆரம்பத்திலேயே காட்டிவிட்டது. எந்தச் சாட்சியும் சொல்லத் துணியாததைப் பேய் சொல்லியிருக்கிறது. இதை எழுதியவர்களின் தப்பித்தல் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சொந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாத ஒரு பெண்ணுக்கு அந்த முகம் வேறொருவனுடையதாகத் தெரிகிறது.

இரண்டாம் பருவத்தின் ஏழாவது அத்தியாயம் இந்தத் தொடரின் உச்சம். லாராவுக்கு நடந்த சித்திரவதை அவளைப்போலவே இருக்கும் உறவுக்காரப் பெண் மேடிக்கும் நடக்கிறது. அடிக்கிற முகம் லீலண்ட், பாப், மறுபடி லீலண்ட் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. எது யார் என்று பிரிக்க விடவில்லை இயக்குநர் டேவிட் லிஞ்ச். அதே நேரத்தில் மதுக்கூடத்தில் இருக்கும் கூப்பருக்கு ஒரு ராட்சதன் தோன்றி, மறுபடியும் நடக்கிறது என்று எச்சரிக்கிறான். அவரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அங்கே இருப்பவர்கள் காரணம் தெரியாமலே கலங்குகிறார்கள். மலிவான பேய்க்கதையில் ஆவி வந்து துப்பு கொடுக்கும், வழக்கு முடியும். இங்கே அது மனிதர்களின் கையாலாகாத்தனத்தைத்தான் காட்டுகிறது.

இரண்டு அத்தியாயம் கழித்துத்தான் தொடர் சறுக்குகிறது. லாக்கப்பில் பாப் வெளியேறியதும் லீலண்ட் கதறி அழுகிறார், கூப்பர் அவரைத் தாங்கிப் பிடித்துத் தேற்றுகிறார், அவர் ஒளியில் மகளைப் பார்த்தபடி இறக்கிறார். லீலண்டாக ரே வைஸ் பிரமாதமாக நடித்திருக்கிறார், அதனாலேயே ஆபத்து அதிகம். மகளைச் சீரழித்துக் கொன்றவருக்காக நாம் அழுகிறோம். அதன்பிறகு வரும் உரையாடலில், ஒருவன் தன் மகளையே இப்படிச் செய்வான் என்று நம்புவது மட்டும் எளிதா என்று கூப்பர் கேட்கிறார். மனிதர்கள் செய்யும் தீமைக்குத்தான் பாப் என்று பெயரோ என்கிறார் கூப்பரின் சக அதிகாரி ஆல்பர்ட். அருமையான கேள்விகள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் துக்க வீட்டில் இரண்டு கிழவர்கள் சண்டை போடுவதைச் சிரிப்பாகக் காட்டுகிறார்கள். மகளையும் கணவரையும் இழந்த சாராவைத் தொடர் ஏறக்குறைய மறந்தே போகிறது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொலையாளியைச் சீக்கிரம் காட்டச் சொல்லித் தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது என்பது தெரிந்த கதை. லிஞ்சுக்கு அதில் விருப்பமில்லை. பிறகு வந்தவற்றில் லாராவின் காதலன் ஜேம்ஸின் பயணம், ஊர்க்காரி நடீனின் அசுர பலம் எல்லாமே நேரத்தைத் தள்ளும் வேலை. கூப்பரின் பழைய கூட்டாளி விண்டம் எர்லின் சதுரங்கக் கொலைகளும் குகை வரைபடமும் வந்தபோது இன்னொரு கேடும் சேர்ந்தது. அமானுஷ்யத்துக்கு வழியும் வாசலும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள், பயம் போய்ப் புதிர் மட்டும் மிஞ்சியது. லிஞ்ச் திரும்பி வந்து இயக்கிய 1991 ஜூன் மாதக் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பயம் மீண்டும் வருகிறது. நடுவில் இருப்பதைத் தாண்டிவிட்டு அதை மட்டும் பார்த்தால்கூடப் போதும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் 1992-இல் வந்த ‘ஃபயர் வாக் வித் மீ’ திரைப்படத்தில் இருக்கிறது. லாராவின் கடைசி நாட்கள். வீட்டில் பாப் இருப்பதைப் பார்த்து அவள் வெளியே ஓடி ஒளிந்துகொள்கிறாள். வாசலில் வருவது அப்பா. அப்புறம் சாப்பாட்டு மேசையில் கை கழுவவில்லை என்று லீலண்ட் அவள் விரலைப் பிடித்து மிரட்டும் காட்சி ஒன்று வருகிறது. பேயே திரையில் இல்லை, பக்கத்தில் அம்மா இருக்கிறாள். லிஞ்ச் அங்கே அந்த அப்பாவைத் தப்பிக்க விடவில்லை. கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.