பவளமல்லி: கேட்டதும் சொன்னதும்

அக்கா, மூன்று வருடமாக மாடித் தொட்டியில் இருக்கிறது. இலை தளதளவென்று வருகிறது, பூ மட்டும் இல்லை.

வெயில் போதவில்லை. இது காட்டோரத்துச் செடி. பாறைச் சரிவில், வறண்ட மண்ணில் வளர்வது. நிழலில் வைத்துத் தழைச்சத்தைக் கொட்டினால் இலையாகத்தான் தள்ளும். உரத்தை நிறுத்திவிட்டு, ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். பூ புதுத் துளிரில்தான் வரும். அதனால் பூப்பு ஓய்ந்ததும் தை, மாசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

நர்சரியில் பாரிஜாதம் என்று கொடுத்தார்கள். பவளமல்லிதானா?

தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். இரண்டும் இருந்தால் அதேதான்.

பறிப்பதற்குள் பூ உதிர்ந்துவிடுகிறதே, நோயா?

நோயே இல்லை. பொழுது சாய்ந்து விரியும், விடியும்போது உதிரும். அந்த வெள்ளையும் வாசமும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக. ராத்திரியே செடிக்கடியில் பழைய வேட்டியை விரித்துவிடுங்கள், மண் ஒட்டாது. தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை. பவளமல்லியை மட்டும் பொறுக்கியே வைக்கலாம்.

காம்பில் சாயம் எடுக்கலாமாமே?

தாராளமாக! எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. வெள்ளை இதழைக் கிள்ளிவிட்டு ஆரஞ்சுக் காம்பை மட்டும் சேருங்கள். கால்மணி நேரத்தில் நகக்கண் மஞ்சளாகிவிடும். ஒரு கூடைப் பூவுக்கு ஒரு கைப்பிடிதான் தேறும், பொறுமை வேண்டும். நிழலில் உலர்த்தி டப்பாவில் சேர்த்து வைத்து, பிறகு தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். குங்குமப்பூவில் இருக்கும் நிறமியின் இனம்தான் இதிலும். பட்டுத் துணியில் பொன் மஞ்சளாக ஏறும். ஆனால் வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. இலைக் கஷாயம் கொடுக்கலாமா?

அந்த வலிக்கும் காய்ச்சலுக்கும் இந்த இலையை நெடுங்காலமாகக் கொடுக்கிறார்கள். கசப்பு கடுமையாக இருக்கும். ஆனால் அம்மா வேறு மாத்திரை சாப்பிட்டால், அளவை ஒரு சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே கொடுங்கள். காய்ச்சல் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கஷாயம்.

கன்று எப்படி எடுப்பது?

காய் சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக இருக்கும். பழுப்பானதும் பிளந்தால் அறைக்கு ஒன்றாக இரண்டு விதை. மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். முளைத்து நாலு இலை விட்டதும் பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.