ஆர்சி பகிக்கு அவுட்ரன்னர் பிரஷ்லெஸ் மோட்டார் வாங்க வேண்டும், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் பழைய ரிமோட் விமானத்திலிருந்து கழற்றிய அவுட்ரன்னர், அதாவது வெளிக்கூடே சுழலும் ரக மோட்டார், ஒன்று சும்மா கிடக்கிறது. அதை எப்படியாவது ரிமோட்டில் ஓடும் பகி வண்டிக்குள் நுழைத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பகிக்கு மோட்டார் கேட்டால் எல்லோரும் இன்ரன்னரைத்தான் (கூடு நிற்க, உள்ளே இருக்கும் காந்தம் சுழலும் ரகம்) எடுத்து நீட்டுவார்கள். "அது பிளேன் மோட்டார் சார், காருக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் நிறைய. என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். என்னுடைய 1/10 அளவுப் பகியில் அந்தப் பிளேன் மோட்டார்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ரோஷத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேவியை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்ணை, பற்றித்தான் பேசுவார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முதலில் இடம், அப்புறம் கியர். அவை இரண்டும் முடிவானால் கேவி தானாக வந்துவிடும்.

இடம் என்றால் வெறும் நீள அகலம் இல்லை. 1/10 பகிகளில் வழக்கமாக வரும் '540' அளவு மோட்டாரின் விட்டம் 36 மில்லிமீட்டர். நான் போட்டது 35 மில்லிமீட்டர் விட்டம், 36 மில்லிமீட்டர் நீளம். அளவைப் பார்த்தால் தாராளமாக அடங்க வேண்டும். ஆனால் இன்ரன்னரின் கூடு அசையாமல் நிற்பது, கியர் பெட்டியில் லேசாக உரசிக்கொண்டு நின்றாலும் கேடில்லை. அவுட்ரன்னரில் காந்தங்கள் ஒட்டிய அந்த வெளிக்கூடுதான், அதாவது பெல்தான், சுழல்கிறது. எதிலும் படக் கூடாது. வண்டி குதித்து விழும்போது மோட்டாரைத் தாங்கும் பிளேட் கொஞ்சம் வளையும், அதற்கும் இடைவெளி விட வேண்டும். மூன்று ஒயர்களும் பிளேட் பக்கம் அடியிலிருந்து வருவதால், அவற்றை வெளிப்பக்கமாக மடக்கிக் கட்டாவிட்டால் பெல் கடித்துத் துப்பிவிடும்.

பிளேட்டில் 540க்கு உள்ள ஓட்டைகளின் இடைவெளி 25 மில்லிமீட்டர். என் மோட்டாருக்கு அது பொருந்தவில்லை. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை அறுத்து, அரம் போட்டு, ஓட்டைகளை நீளவாக்கில் ராவி எடுத்தேன். அந்த நீளவாக்கு முக்கியம், பினியனுக்கும் (மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சிறிய பல்சக்கரம்) ஸ்பருக்கும் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) இடையில் பல் இடைவெளி வைக்க மோட்டாரை நகர்த்தியாக வேண்டுமே. ஷாஃப்டும் பெல் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது, நமக்கு அடிப்பக்கம் வேண்டும். ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத குட்டித் திருகு) தளர்த்தி, லாக்கைக் கழற்றி, வைஸில் வைத்து மெதுவாக அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும். சுத்தியலால் தட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

கிரப் ஸ்க்ரூ என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். பினியனில் இருக்கும் எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. நல்லதாக ஒன்று வாங்கி வைத்தால், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று இரவல் வாங்கிப் போகிறவர்கள் முனையை உருட்டிவிட்டுத்தான் திருப்பித் தருகிறார்கள். கேட்டால் "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு". லிப்போ பேட்டரியைக்கூட இரவல் கொடுப்பேன், அந்தக் கீயை இனிமேல் கொடுப்பதாக இல்லை.

சரி, கியர். கணக்கு எளிது. கேவியை வோல்ட்டால் பெருக்கினால் சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். என்னுடையது 1700 கேவி, 3எஸ் லிப்போவின், அதாவது மூன்று செல் பேட்டரியின், 11.1 வோல்ட்டில் 18,870 சுற்று. வண்டியின் உள் கியர் விகிதம் 2.6. ஸ்பர் 72 பல், பினியன் 30 பல் என்றால் மொத்தம் 6.24. பின்சக்கரம் 85 மில்லிமீட்டர் விட்டம். கூட்டிக் கழித்தால் மணிக்கு 48 கிலோமீட்டர் சொச்சம். தரையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், தெரியும், யாரும் கீழே வந்து திருத்த வேண்டாம்.

இதே வேகத்துக்கு 1000 கேவி மோட்டார் வாங்கினால், அதே 3எஸ்ஸில் ஏறக்குறைய 50 பல் பினியன் தேவைப்படும். அது எந்தக் கியர் பெட்டியில் அடங்கும்? அதனால் உங்கள் வண்டியில் மாட்டக்கூடிய மிகப் பெரிய பினியன் எது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 35 மில்லிமீட்டர் மோட்டார்களில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 540இல் 3.17. பழைய பினியன் நுழையாது, 5 மில்லிமீட்டர் துளையுள்ளதாகவே வாங்க வேண்டும்.

"அவுட்ரன்னர் என்றாலே டார்க் (முறுக்கு விசை) அதிகம்" என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேவி ஒன்றாக இருந்தால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எந்த ரகமானாலும். அவுட்ரன்னரில் பொதுவாக 14 காந்தம், அகலமான விட்டம், அதனால் குறைந்த கேவியிலும் அதிகம் சூடாகாமல் வேலை செய்யும். விஷயம் அவ்வளவுதான். என் வண்டியில் கனமான பெல் சுழல்வதால் குதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் மூக்கு சட்டென்று மேலே போகும். அது எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, கார் இஎஸ்சியாகவே இருக்கட்டும். விமானத்துக்கானதில் பொதுவாக ரிவர்ஸ் இருக்காது. அதன் சுற்று வரம்பையும் பாருங்கள். 2 போல் (காந்த முனை) மோட்டாருக்கு 2,40,000 என்று போட்டிருந்தால், 14 காந்தத்துக்கு அதை 7ஆல் வகுக்க வேண்டும். 34,000 சொச்சம் வரும், நமக்கு அது போதும்.

சூடுதான் உண்மையான வில்லன். அட்டையில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவு, புரொப்பெல்லர் காற்று முகத்தில் அடிக்கும் நிலைமைக்கு. பாடிக்குள் மூடிக் கிடக்கும் மோட்டாருக்கு அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். அகச்சிவப்பு தெர்மாமீட்டரைப் பெல் மேல் காட்டாதீர்கள், அது சுழன்று சுழன்று தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். துவாரம் வழியாகத் தெரியும் செப்புச் சுருளில் காட்டுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். அந்தப் பக்கம் போகிறது என்றால் பினியனில் இரண்டு பல்லைக் குறையுங்கள்.

மண் இன்னொரு தொல்லை. மணலில் கலந்திருக்கும் கருப்பு இரும்புத் துகள்களைக் காந்தம் தேடிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பெல்லுக்கும், உள்ளே அசையாமல் நிற்கும் சுருள் பகுதியான ஸ்டேட்டருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. நான் மோட்டாரைச் சுற்றி கம்பி வளையம் வைத்து, அதன்மேல் பழைய நைலான் காலுறைத் துண்டைப் போர்த்தியிருக்கிறேன். காற்று கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. அதனால்தான் என் வண்டியில் 28 பல் பினியனே நிற்கிறது.

1/8 பகி வைத்திருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்னதெல்லாம் வேண்டாம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள 4 போல் இன்ரன்னர் வாங்கி மாட்டிவிடுங்கள். அந்த எடைக்கும் அந்தக் குதிப்புக்கும் ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்படுகிற பெல்லை நான் நம்ப மாட்டேன்.