ரேட் ஏறியது, கூலி இறங்கியது – கடிதம்

வணக்கம்.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேட்லாக் டைலர், அதாவது பனியன் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் மெஷின் ஓட்டுகிறார். பீஸ் ரேட்டுக்கு, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கில், தைக்கிறார். அமெரிக்கா வரி போட்டதிலிருந்து ஒரு வாரம் வேலை இருந்தால் மறுவாரம் இழுவைதான். எண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தையலையெல்லாம் ஏஐ பிடுங்கிவிடும், மாமாவைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிடு என்கிறான் என் தம்பி. இவருக்கு வயது 38. பீஸுக்கு எவ்வளவு என்று கேட்டால், "ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும், சனிக்கிழமை தெரிந்துவிடும்" என்கிறார். எனக்கும் தெரியாது. படிக்க அனுப்பலாமா?

ஒரு வாசகி, அவிநாசி

அன்புள்ள தங்கைக்கு,

படிப்புக்கு அப்புறம் வருகிறேன். "எனக்கும் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் லிட்டருக்கு எத்தனை ரூபாய் ஏறியது என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். வீட்டுக்கு வருகிற காசு எந்தக் கணக்கில் வருகிறது என்பது மட்டும் தெரியாதா?

எண்ணெயைச் சட்டென்று முடித்துவிடுவோம். நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான மொத்த வரி 2024 செப்டம்பரில் 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. 2025 மே கடைசியில் 16.5க்கு இறங்கியது. இதில் நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை. தம்பி சொல்லும் ஏஐ பற்றியும் இப்போதைக்குக் கவலை வேண்டாம். துணி விரிக்கவும் வெட்டவும் இயந்திரம் வந்து வெகுநாளாகிறது. தொய்ந்து இழுபடும் பின்னல் துணியைச் சுருங்காமல் ஊசிக்குள் கொடுக்கிற வேலை இன்னும் பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது.

வரிக்கு வாருங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பழைய வரியே 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அதன் மேல் கூடுதலாக 50 போட்டார்கள், 2026இல்தான் அது குறைந்தது. 50 இருந்தபோது, திருப்பூரில் 3 டாலருக்கு விலை பேசிய பீஸுக்கு, அங்கே வரி மட்டும் ஏறக்குறைய 2 டாலர். அதைக் கட்டுகிறவன் இறக்குமதி செய்கிறவன். கட்டிவிட்டுச் சும்மா இருப்பானா? விலையைக் குறை என்பான். 10 சதவீதம் குறைத்தால் பீஸுக்கு 30 சென்ட்.

அந்த 30 சென்ட்டை எங்கே பிடிப்பது? நூல் விலை மில்காரர் கையில். ஒரு கிலோ நூலில் சுமார் 5 டி-ஷர்ட் வரும், கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 4 ரூபாய். நூல் ஏறிய ஏற்றத்தில் 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் கடையடைத்தது நினைவிருக்கும். சாயக் கூலியில் கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்திருக்கிறது, கை வைக்க முடியாது. லேபிளும் டேகும் பெரும்பாலும் பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர், சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும். கரண்ட் பில்லோடு பேரம் பேச முடியாது. மிச்சம் இருப்பது முதலாளியின் லாபம், வெட்டுக் கூலி, தையல் கூலி, செக்கிங், அயர்னிங். லாபத்தில் கொஞ்சம் போகும். பாக்கி யார் தலையில் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விழுவதும் வெளியே தெரியாது. யாரும் ரேட்டைக் குறைத்தோம் என்று சொல்ல மாட்டார்கள். ஸ்டைலை மாற்றுவார்கள். கணக்கு விளங்க நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். பழைய ஸ்டைலில் நேராக பாட்டம் மடிப்பு (கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பது), பீஸுக்கு 70 காசு, மணிக்கு 90 பீஸ். பத்து மணி நேரத்துக்கு 630 ரூபாய். புது ஸ்டைலில் பக்கத்தில் ஸ்லிட் (கீழ்ப் பக்கத் திறப்பு) வருகிறது, ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்ப வேண்டும், மணிக்கு 60தான் ஓடும். ரேட் 80 காசு. பத்து காசு ஏற்றிக் கொடுத்தார்கள் என்று வீட்டில் வந்து சொல்வார். நாள் கூலி 480. பழைய கூலி வர வேண்டுமானால் ரேட் 1 ரூபாய் 5 காசு இருக்க வேண்டும். பத்து காசு கூட்டி, 150 ரூபாய் எடுத்துவிட்டார்கள்!

ஆகவே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ராத்திரி அவரைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள், அவர் எழுத மாட்டார். ஸ்டைல் நம்பர், ரேட், முடித்த பீஸ், மெஷினில் உட்கார்ந்த மணி. இவற்றோடு சும்மா இருந்த நேரமும் அதன் காரணமும்: பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வரவில்லை, நூல் கலர் இல்லை, மெக்கானிக் வரவில்லை. இதுதான் முக்கியம். மேலே சொன்ன ஸ்டைலில் ஒன்றரை மணி நேரம் பண்டிலுக்குக் காத்திருந்தால் 72 ரூபாய் போச்சு. அதை எந்தச் சீட்டிலும் எழுத மாட்டார்கள்.

ஆல்டர் பீஸை, அதாவது குறை என்று திரும்பி வந்ததை, தனியாக எழுதுங்கள். தையல் விட்டுப்போயிருந்தால் ஊசியும், அடியில் நூலைக் கொக்கி போடும் லூப்பரும் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தையலை ஒட்டிக் குத்துக் குத்தாக ஓட்டை என்றால் ஊசி மழுங்கியிருக்கலாம், அல்லது துணி மொறமொறவென்று காய்ந்து, சாஃப்ட்னர் போதாமல் வந்திருக்கலாம். புது ஊசி, அதுவும் உருண்டை முனை ஊசி, போட்டும் ஓட்டை விழுந்தால் கோளாறு பெரும்பாலும் துணியில். அதை டைலர் டேமேஜ் என்று கூலியில் பிடிக்கவிடக் கூடாது. பத்து பீஸ் தைத்ததும் இழுத்துப் பார்த்து அப்போதே சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். நானூறு தைத்த பிறகு காட்டினால் ஏச்சுதான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. பீஸ் ரேட்டுக்கு அப்படித் தானாக ஏறுகிற வழியில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் தைத்தாலும் நேரக் கணக்கில் வர வேண்டிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு மணிக் கணக்கு கையில் வேண்டும். நோட்டு இல்லாமல் யூனியன் ஆபீசுக்குப் போனால் அவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ரேட் பேசுகிற நேரம் என்று ஒன்று உண்டு. முதல் பண்டிலைப் பிரிப்பதற்கு முன்னால், சாம்பிளை ஒருமுறை தைத்து நேரம் பார்த்துவிட்டு, லைனில் இருக்கும் மற்ற பேட்லாக்காரர்களோடு சேர்ந்து பேச வேண்டும். ஏற்றுமதித் தேதி நெருங்கிய வாரம் என்றால் ரேட் போடுகிற கான்ட்ராக்டர் காது கொடுத்துக் கேட்பார். வரி இறங்கி ஆர்டர் பழையபடி வந்தாலும் குறைந்த ரேட் தானாக ஏறாது, அப்போதும் இந்த நோட்டைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

படிப்பா? ஓய்ந்த வாரங்களில் அதே கம்பெனியில் துணியை இணைத்து ஓரம் அடிக்கிற ஓவர்லாக்கிலும், நேர்த்தையல் போடுகிற சிங்கரிலும் உட்காரச் சொல்லுங்கள். மூன்று மெஷின் ஓட்டுகிறவரைக் கடைசியில்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் கோர்ஸுக்குத் தம்பி போகட்டும், அவனுக்கு வயதிருக்கிறது. நான்கு சனிக்கிழமைக் கணக்கு சேர்ந்ததும் கம்பெனி பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள்.