மெல்பா லிஸ்டன்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

போன கிழமை ஜாஸ் ட்ரொம்போன் கலைஞர் மெல்பா லிஸ்டனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ட்ரொம்போன் என்பது ஸ்லைடு என்ற குழாயை முன்னும் பின்னும் இழுத்துச் சுரம் மாற்றி ஊதும் பித்தளை வாத்தியம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் ட்ரொம்போன் ஊதத் தொடங்கியவன். இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன்.

சாவகச்சேரியிலிருந்து: அண்ணை, ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லுங்கோ.

1926இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். ஏழு வயதில் ட்ரொம்போன் கையில் கிடைத்தது. பதினாறு வயதில் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு தியேட்டர் இசைக்குழுவில் வேலை. அப்புறம் ஜெரால்ட் வில்சன், டிஸ்ஸி கில்லெஸ்பி, குயின்சி ஜோன்ஸ் ஆகியோரின் பெரிய ஜாஸ் குழுக்கள். வாசித்தார், மெட்டமைத்தார், எல்லாவற்றுக்கும் மேலாக மற்றவர்களின் மெட்டுகளுக்கு இசைக்கோப்புச் செய்தார். 1999இல் காலமானார்.

நல்லூர் மாணவி: பெண்பிள்ளைகளுக்கு மூச்சுக் காணாது என்று எங்கள் பாண்டில் ட்ரொம்போன் தருகிறார்கள் இல்லை, சேர். உண்மையா?

இல்லை, பிள்ளை. மூச்சு பழகப் பழக வரும். சின்ன ஆட்களுக்கு உண்மையான சிக்கல் கை நீளம்தான். ஸ்லைடை இழுத்து நிறுத்தும் இடங்கள் ஏழு; கடைசி ஆறாம், ஏழாம் நிலைகளுக்குக் கை எட்டாது. அதற்கும் வழி இருக்கிறது. இடது பெருவிரலால் அமர்த்தும் எஃப் வால்வு உள்ள ட்ரொம்போனில் அந்தச் சுரங்கள் பலவற்றைக் கிட்டவே எடுக்கலாம். ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தொடங்கி உலகம் சுற்றியிருக்கிறது என்று போய்ச் சொல்லுங்கோ. திரும்பவும் கேளுங்கோ.

இணுவிலிலிருந்து, நாதஸ்வரம் பழகுபவர்: ட்ரொம்போனில் கமகம் வருமா?

வரும், ஒரு எல்லைக்குள். உதட்டை மாற்றாமல் ஸ்லைடை முழுக்க இழுத்தால் கிடைப்பது ஆறு அரைச்சுரத் தூரம், சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் வரைக்கும் உள்ள அளவு. அதற்குள் வழுக்கலாம். அதைத் தாண்டினால் உதட்டை மாற்ற வேண்டும், அந்த இடத்தில் ஒலி முறியும். நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி, மூச்சால் வளைக்கும் சுதந்திரம் இதில் இல்லை.

கோண்டாவிலிலிருந்து: அரேஞ்சர், அதாவது இசைக்கோப்புச் செய்பவர், என்னதான் செய்கிறார்? டியூன் போட்டவர்தானே பெரியவர்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கோவில் மேளத்தில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நடத்திவிடலாம். பிக் பாண்ட் எனும் பெரிய ஜாஸ் குழுவில் பதினைந்து, பதினாறு பேர்: ட்ரம்பெட் நாலு, ட்ரொம்போன் மூன்று நாலு, சக்ஸபோன் ஐந்து, பிறகு பியானோ, பாஸ், டிரம்ஸ். எல்லோரும் தன்பாட்டில் ஊதினால் சந்தை இரைச்சல்தான். எந்த இடத்தில் யார் மெட்டை எடுப்பது, யார் அடியில் நிற்பது, யார் பேசாமல் இருப்பது என்று ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதிக் கொடுப்பவர் அரேஞ்சர். கீழ்ச்சுரங்களை நெருக்கி எழுதினால் ஒலி கலங்கும். கீழே இடம் விட்டு மேலே நெருக்க வேண்டும். நடுக்குரலில் இருந்து இரண்டு பக்கமும் கேட்டுப் பழகிய ட்ரொம்போன்காரருக்கு இது காதிலேயே இருக்கும்.

பியானோக் கலைஞர் ராண்டி வெஸ்டன் மெட்டுப் போடுவார், அதைக் குழுவுக்கு எழுதுவது மெல்பா. 1960இல் பதிவான ‘உஹுரு ஆப்ரிகா’ இசைத்தட்டில் தாள வாத்தியங்கள், பாடகர்கள், பித்தளை வாத்தியங்கள் என்று பெரிய கூட்டமே இருக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் விழவில்லை. அதைக் கேட்கும்போது டியூன் போட்டவரையும் இவரையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

பருத்தித்துறையிலிருந்து: இடையில் வாசிப்பதையே விட்டுவிட்டாராமே?

ஓம். 1949இல் பாடகி பில்லி ஹொலிடேயோடு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போன பயணம் மோசமாக முடிந்தது. மனம் விட்டுப்போய், லொஸ் ஏஞ்சலிஸ் கல்விச் சபையில் எழுதுவினைஞர் வேலைக்குப் போனார். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னமும் பொறுக்காது. 1956இல் கில்லெஸ்பி திரும்ப அழைத்தார். அமெரிக்க அரசு அனுப்பிய அந்தப் பயணம் கராச்சிக்கும் வந்தது. குழுவில் பெண் எதற்கு என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். அவர் எழுதிக்கொண்டு வந்த தாள்களை வாசித்துப் பார்த்ததும் அந்தக் கதை நின்றது.

கொக்குவிலிலிருந்து: ஸ்லைடு இறுகுகிறது.

பழைய கிறீமைத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லப் பூசி, தண்ணீர் தெளியுங்கோ. அப்பவும் இறுகினால் எங்கேயோ நெளிந்திருக்கிறது. நீங்களே தட்டி நிமிர்த்த வேண்டாம்.

உரும்பிராயிலிருந்து: கடைசிக் காலம் எப்படி?

1973 முதல் 1979 வரை ஜமைக்காவின் இசைப் பள்ளியில் கற்பித்தார். 1985இல் பக்கவாதம் வந்தது. அதோடு வாசிப்பு முடிந்தது. எழுத்து முடியவில்லை, கணினியில் இசை எழுதப் பழகிக்கொண்டு, 1991இலும் வெஸ்டனின் இசைத்தட்டுக்கு இசைக்கோப்புச் செய்தார்.

அதே ஆள்: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘மெல்பா லிஸ்டன் அண்ட் ஹெர் போன்ஸ்’. 1958 டிசம்பரில் பதிவானது, தலைவராக அவர் பெயரில் வந்த ஒரே தட்டு. முன்னால் நிற்பவை எல்லாம் ட்ரொம்போன்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. அவற்றில் எது அவர் என்று பிடித்துவிட்டால் எனக்கு எழுதுங்கோ.