ராக்ஃபெல்லர் போன்றோரைக் ‘கொள்ளைப் பிரபுக்கள்’ என்று ஏன் அழைக்கிறார்கள்?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்டியாளர்களை ஒடுக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்த அமெரிக்கத் தொழிலதிபர்களையே அப்படி அழைத்தார்கள். 1870-இல் தொடங்கிய ராக்ஃபெல்லரின் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில், ரயில் நிறுவனங்களிடம் ரகசியக் கட்டணத் தள்ளுபடி பெற்றது. எதிர்ப்பால் கைவிடப்பட்ட 1872-ஆம் ஆண்டுத் திட்டமோ, போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு ராக்ஃபெல்லர் தரப்புக்கே வந்துசேர வழிவகுத்திருந்தது. எதிர்க்கடைக்காரர் கொடுக்கும் லாரி வாடகையில் ஒரு பகுதி நம் கல்லாவில் விழுவதைப் போன்றது இது. இத்தகைய தள்ளுபடிகளைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1887-இல்தான் வந்தது. மண்ணெண்ணெய் மலிவானது உண்மைதான் என்றாலும், அந்த வழியை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிதாக வளர்ந்ததற்காகவே அந்நிறுவனம் 1911-இல் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் குற்றமாகக் கண்டது அதன் அளவை அல்ல, போட்டியை முறைகேடாக நசுக்கியதை.