பணத்துக்கு வழக்காட இடம் உண்டு, ஆளுக்கு?

கேள்வி: உலகமயத்தால் மனித உரிமை நசுங்குகிறது என்று உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். செட்டிநாடே உலகமயத்தால் எழுந்ததுதானே? பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் எப்படி வந்தன? இன்றும் துபாய், மலேசியாப் பணத்தில்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாடி வீடு எழும்புகிறது. போய்ப் பிழைக்கிறவனுக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு எதற்கு?
— வாசகர், தேவகோட்டை

பதில்: பணம் வந்தது உண்மை, வீடு எழும்புவதும் உண்மை. ஆனால் உங்கள் கேள்வியில் கப்பலின் ஒரு தட்டுதான் தெரிகிறது. 1926 முதல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலில் வட்டிக்கடை உதவியாளாக, அதாவது அடுத்தாளாகப் போன செட்டிநாட்டுப் பிள்ளையும் இருந்தான், ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப்போன ரப்பர் தோட்டக் கூலியும் இருந்தான். பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு ஊரிலேயே, தமிழிலேயே எழுதப்பட்டது. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் திரும்பலாம் என்று தெரிந்து போனான். கூலிக்கோ எந்தத் தோட்டம், என்ன கூலி, எப்போது திரும்புவது என்பதெல்லாம் கங்காணி வாயால் சொன்னதுதான். மலேயாவுக்கு அப்படி ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசே நிறுத்த வேண்டி வந்தது.

பர்மாவையும் முழுதாகப் பார்ப்போம். அங்கே உழவர்களுக்கு நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். கடன் கொடுத்தவருக்குச் சட்டம் துணை நின்றது, உழுதவனுக்கு நிற்கவில்லை. ஜப்பான் படை நுழைந்த 1942-ல் நம்மவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. அதன்பின் இழப்பீட்டுக்கு அலைந்த கதை உங்கள் ஊர் வீடுகளுக்கே தெரியும். எல்லை தாண்டிப் போகிறவனின் உரிமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது நம்மையும் சுட்டது. இன்று அது நம் பக்கத்துக் கிராமத்துப் பையனைச் சுடுகிறது.

இப்போதைய நிலைமைக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவோடு தகராறில் இருந்த ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம், தன் வழக்கை இந்திய நீதிமன்றங்கள் ஒன்பது வருஷம் இழுத்தடித்தன என்று நம் அரசின் மீதே சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2011-ல் ஜெயித்தது. 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இந்தியா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அதற்குக் கை கொடுத்த விதி எங்கே இருந்தது தெரியுமா? இந்தியா–குவைத் முதலீட்டு ஒப்பந்தத்தில். வேறு நாட்டு முதலீட்டாளருக்குத் தந்த சலுகை தனக்கும் உண்டு என்று அந்த ஆஸ்திரேலிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அதே குவைத்தின் மங்காஃபில், 2024 ஜூன் 12 அன்று தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்கள் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழர்கள். ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். முதலீட்டாளருக்குக் கிடைத்த அந்த வாசல் இவர்கள் குடும்பங்களுக்குக் கிடையாது. புலம்பெயர் தொழிலாளர்களுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990-ல் நிறைவேறியது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளும் அதை ஏற்கவில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் ஏற்கவில்லை. ஆள் அனுப்பும் இந்தியாவும் ஏற்கவில்லை. என் வருத்தம் இதுதான். பணத்துக்கு எல்லை தாண்டியும் வழக்காட இடம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

வட்டிக் கணக்கு உங்கள் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் போட்டுப் பாருங்கள். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ஊர் சப்-ஏஜென்ட் 1,20,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 3,600. மாதம் தவறாமல் 8,000 கட்டினாலும் கடன் தீர 20 மாதம் தாண்டும். ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு வருஷம். சட்டப்படி 35,400 மட்டும் கடன் வாங்கியிருந்தால், அதே வட்டியில் ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். கடன் தீராதவன் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. சம்பளம் இரண்டு மாதம் நின்றாலும் வாய் திறக்க முடியாது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதற்கு முன்பே வட்டி அவனைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். அதைப் பிடித்து வைப்பது கத்தாரில் 2015-ஆம் வருஷச் சட்டப்படி 25,000 ரியால் வரை அபராதத்துக்குரிய குற்றம், மலேசியாவிலும் குற்றம்தான். கத்தார் 2020-ல் வேலை மாற முதலாளியின் அனுமதி தேவையில்லை என்றது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அவற்றுக்கு 500-ம் 300-ம் தனி. எழுத்தில் இவ்வளவு வந்தும் பூட்டு திறக்காத இடங்கள் உண்டு. காரணம், புகார் கொடுக்க வேண்டியவனின் இருப்பிட அனுமதி முதலாளி கையில் இருக்கிறது. ‘ஓடிப்போய்விட்டான்’ என்று அவர் ஒரு வரி பதிந்தால் புகார் கொடுத்தவனே குற்றவாளி ஆகிவிடுகிறான். ‘ஃப்ரீ விசா’ என்று விற்கிறார்களே, அதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். விசாவில் பெயர் இருக்கும் கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்த நாட்டுக்காரர்) வேலை தரமாட்டார். வேலை தருகிறவர் பெயர் விசாவில் இருக்காது. பிடிபட்டால் மாட்டுவது இவன் மட்டும்தான்.

உலக வணிகத்தை மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. வணிகத்தின் கையே முறுக்கப்பட்ட இடத்தில் உரிமை கிடைத்ததையும் பார்த்திருக்கிறோம். 2020 ஜூலையில் மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் செய்த கையுறைகளை, கட்டாய உழைப்பு என்ற காரணத்தால் அமெரிக்கச் சுங்கத்துறை துறைமுகத்திலேயே தடுத்தது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்கு அழுத பணத்தில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை விலகியது. சரக்கு நின்றதும் பணம் வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் ஒப்பந்தம் இருக்கிறது. 2021-ல் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கும் பிராண்டான எச் அண்டு எம் உள்ளிட்டோர் கையெழுத்திட்டது. ஆலை மீறினால் ஆர்டரில் கைவைக்கும் கடமை பிராண்டுக்கு உண்டு. தொழிலாளிகளே கண்காணிப்பாளர்களாகி, பாலியல் தொல்லைப் புகாரைப் பழிவாங்கல் பயமின்றி எடுத்துச் செல்லும் ஏற்பாடு. பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட சங்கம் உலக பிராண்டுகளை உட்காரவைத்து வாங்கிய கையெழுத்து இது. கம்பெனிகள் தாமாக வெளியிடும் நன்னடத்தை அறிக்கைகளை நான் மதிக்காததற்கு இதுவே காரணம். அவற்றை மீறினால் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

உங்கள் பக்கத்தில் அடுத்து யாராவது கிளம்பினால், பணம் கட்டுவதற்கு முன்பே ஏஜென்டின் உரிம எண்ணையும் அது காலாவதியாகும் தேதியையும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு வளைகுடாவும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அந்த அனுமதியோடுதான் 275 ரூபாய்க்கு இரண்டு வருஷக் காப்பீடு வருகிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். ‘விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டினால் அனுமதியும் போச்சு, அந்த 10 லட்சமும் போச்சு. பத்து தேறியவர்களுக்கு அனுமதி தேவையில்லை, அதனாலேயே அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாமல் பறந்துவிடுகிறார்கள். அவர்களும் தாமாகப் பதிந்துகொள்ளலாம். வேலை ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே படித்து, ஒரு நகலையும் பாஸ்போர்ட் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். அங்கே இறங்கியதும் வேறு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டால், தூதரகத்தில் காட்ட அந்த வீட்டு நகல்தான் ஆதாரம். யாராவது அங்கே இறந்துவிட்டால் உடலைக் கொண்டுவரக் கடன் வாங்காதீர்கள். செலவுக்கு வழியில்லாத குடும்பங்களுக்காகவே ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் சமூக நல நிதி இருக்கிறது. எழுத்து மூலம் கேளுங்கள்.