பேனா பிடித்தவர் யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். தருமபுரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், பாலியல் படங்களில் நடித்துப் பிறகு எழுதவும் வந்த பெண்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதையே கட்டுரையாக்கி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பவும் எண்ணம். லிண்டா லவ்லேஸின் தன்வரலாற்றில் தொடங்கி, கிடைத்த நேர்காணல்களையெல்லாம் படித்துவிட்டேன். ஆனால் குறிப்பு எழுத உட்கார்ந்தால் இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. பாவம், கெட்டழிந்த பெண் என்ற கண்ணீர்க்கதை; இல்லாவிட்டால் துணிச்சல்காரி என்ற பாராட்டுப் பத்திரம். நேர்காணல்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத் தங்குதடையில்லாமல் சொல்கிறார்கள். நம்பலாமா? ஒரே நடிகைக்கு ஓரிடத்தில் இருநூறு படம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் நானூறு. எதை எழுதுவது? இயற்பெயரைச் சொல்லலாமா? இதைப் பொதுவில் பேசினால் சட்டச் சிக்கல் வருமா என்று வட்டத்தின் மூத்தவர் ஒருவர் கேட்கிறார்.

அன்புடன்,
ம., பாலக்கோடு

*

அன்புள்ள ம.,

குறிப்பு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்வதற்கு உங்களைக் குறைசொல்ல மாட்டேன். அந்தத் தொழில் படங்களோடு சேர்த்து இந்த இரண்டு கதைகளையும் விற்று வந்திருக்கிறது. நடிக்கிற காலத்தில் விற்பது மகிழ்ச்சிக் கதை. விலகிய பிறகு பதிப்பாளர்கள் கேட்பது கண்ணீர்க்கதை. அதனால் ஒரு நூலைக் கையில் எடுத்ததும், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அதை எழுத உட்கார்ந்தது யார், அச்சிட்டது யார், பணம் யார் கைக்குப் போனது என்று பாருங்கள். நாற்பது நிமிடத்தையும் இந்த ஒரு கேள்வியின் மேலேயே நிறுத்தலாம்.

நீங்கள் தொடங்கிய லிண்டாவையே எடுப்போம். 1972இல் வெளியான ஒரு படத்தால் உலகமறிந்தவரானார். அதற்குப் பேசிய சம்பளம் 1,250 டாலர், அதையும் அன்றைய கணவரே எடுத்துக்கொண்டார் என்று பின்னாளில் எழுதினார். படம் வசூலித்ததோ கோடிக்கணக்கில். 1974இல் அவர் பெயரில் இரண்டு நூல்கள் வந்தன. இரண்டிலும் அவர் எல்லாவற்றையும் ஆசைப்பட்டுச் செய்தவராக வருகிறார். அதில் ஒன்றின் மீது இங்கிலாந்தில் ஆபாச வழக்கு நடந்து 1976இல் பதிப்பாளர் விடுதலையானார். பிறகு 1980இல், பத்திரிகையாளர் மைக் மெக்ரேடியுடன் சேர்ந்து எழுதிய நூலில், கணவர் அடித்தும் துப்பாக்கியைக் காட்டியும் தன்னை இதில் தள்ளினார் என்றார். பழைய நூல்களில் இருப்பது தன் சொல்லே அல்ல என்றும் சொன்னார். இந்த நூலை அச்சிடுவதற்கு முன் அவரைப் பொய்கண்டறியும் கருவியின் முன் உட்காரவைத்தார்கள். ஆசைப்பட்டுச் செய்தேன் என்று 1974இல் அவர் பெயரில் அச்சானபோது அப்படியொரு சோதனை யாருக்கும் தேவைப்படவில்லை. உங்கள் பேச்சில் இந்த இடத்தில் சற்று நின்று போங்கள். மகிழ்ச்சியைச் சொன்னால் சான்று வேண்டாம், வலியைச் சொன்னால் சான்று வேண்டும் என்ற அந்த வழக்கம் நம்மூர்க் காவல் நிலையங்களுக்கும் புதிதில்லை.

இதே போன்ற ஒன்று பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கேரளத்தின் நளினி ஜமீலா திரைத்துறையைச் சேர்ந்தவரல்ல, பாலியல் தொழிலாளி. அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிய தன்வரலாறு 2005இல் வெளிவந்து பரபரப்பாக விற்றது. அதில் தன் குரல் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆண்டிலேயே திருத்திய இரண்டாம் வடிவத்தை வெளியிட்டார். ஒரே ஆள், ஒரே வாழ்க்கை, சில மாத இடைவெளியில் இரண்டு நூல்கள். தமிழில் கிடைக்கிற பிரதியைப் படிக்கும்போது அது எந்த வடிவத்திலிருந்து வந்தது என்று முன்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரளத்தைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது மிகச் சரி. அந்தச் சந்தேகத்தையே ஆய்வாக்கிய ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். சுசுகி சுசுமி பாலியல் படங்களில் நடித்தவர். பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, நாளிதழ் ஒன்றில் நிருபராகவும் இருந்தார். 2013இல் வந்த அவருடைய முதல் நூல், இந்த நடிகைகள் ஏன் தங்களைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேசுகிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பதில் வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. புதிதாக வருகிற பெண் முதலில் முகவர் நிறுவனத்தில் நேர்காணலுக்கு உட்காருகிறாள். பிறகு ஒவ்வொரு படக்கம்பெனியிலும். பிறகு கேமரா முன்னால், ஏனென்றால் படத்தின் தொடக்கத்தில் வரும் பேட்டியும் படத்தின் ஒரு பகுதி. அதற்கப்புறம் பத்திரிகைகள். ஏன் வந்தாய், முதல் அனுபவம் எப்போது, உனக்கு எது பிடிக்கும்: எல்லா இடத்திலும் இவையே கேள்விகள். எந்தப் பதிலுக்கு எதிரிலிருப்பவர் முகம் மலர்கிறது, எதற்கு வேலை கிடைக்கிறது என்று தெரியத்தெரிய அந்தப் பதில் மெருகேறிக்கொண்டே போகிறது. கடைசியில் சொல்பவருக்கே அது தன் சொந்தக் காரணமாகிவிடுகிறது. அதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது, வேலையால் உருவான பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2014இல் ஒரு வார இதழ் அவருடைய பழைய தொழிலை அம்பலப்படுத்தியது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2022இல் அவருடைய முதல் நாவல், ஜப்பானின் பெரிய இலக்கிய விருதான அகுதாகவா பரிசின் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே சேர்த்து வைத்திருக்கும் நேர்காணல்களை ஆள்வாரியாக அடுக்காமல் காலவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றின் தலையிலும், அப்போது இவர் படம் ஏதாவது விற்பனையில் இருந்ததா, கூட யார் இருந்தார்கள், கேட்டவர் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். பட வெளியீட்டுக்காகக் கொடுத்த பேட்டியிலிருந்து ஒருவருடைய மனநிலையை ஊகிக்கவே கூடாது. ஆனால் சம்பளம், படப்பிடிப்பு நேரம், யாரோடு வேலை செய்தார் போன்ற விவரங்களுக்கு அதே பேட்டி உதவும். விலகிப் பத்தாண்டு கழித்துக் கொடுத்த பேட்டியில் இது தலைகீழாகும்: மனம் தெளிவாக இருக்கும், தேதிகள் குழம்பியிருக்கும். நாட்குறிப்பு கிடைத்தால் அதற்கு நிகரில்லை. அமெரிக்க நடிகை கேண்டிடா ராயல் சிறுமியாக இருந்த காலம் முதல் நாட்குறிப்பு எழுதியவர். 1970களின் பிற்பாதியில் நடித்தார். 1983இல் நியூயார்க்கில் சக நடிகைகளோடு தங்களுக்குள் மனம்விட்டுப் பேசிக்கொள்ள ஒரு குழு தொடங்கினார். 1984இல் பெண்களின் பார்வையில் படமெடுக்கச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 2004இல் ஒரு நூல் எழுதினார். 2015இல் இறந்தார். அவருடைய தாள்கள் இன்று ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்து வரலாற்றாசிரியர் ஜேன் கமென்ஸ்கி எழுதிய வாழ்க்கை வரலாறு 2024இல் வந்தது. நேற்றிரவு எழுதியதும் மறுநாள் பேட்டியில் சொன்னதும் அருகருகே கிடைக்கிற அபூர்வமான வாழ்க்கை அது. ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகப் பேச நேரம் இருந்தால் இவரை எடுங்கள்.

படக்கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் சம்பளம் பெரும்பாலும் படத்துக்கு அல்ல, காட்சிக்கு. ஒரு நாளில் எடுத்த ஒரு காட்சி முதலில் ஒரு படத்தில் வரும். பிறகு தொகுப்பு வட்டுகளில் திரும்பத் திரும்பச் சேர்க்கப்படும். வேறு தலைப்பில் மறுவெளியீடாகும். துண்டு துண்டாக இணையத்துக்கும் போகும். பட்டியல் போடுகிற தளங்கள் ஒவ்வொரு தலைப்பையும் ஒரு படமாக எண்ணுகின்றன. நானூறு தலைப்பு என்றால் நானூறு நாள் வேலை என்று பொருளில்லை. அவர் ஓய்வுபெற்று ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பது இதனால்தான். எண்ணை விட்டுவிடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நடித்தார், எப்போது இயக்கத்துக்கோ எழுத்துக்கோ வந்தார் என்று எழுதினால் போதும்.

எண்ணிக்கை ஏறினாலும் பணம் ஏறுவதில்லை. இதைக் கேட்பவர்களுக்குப் புரியவைப்பது அவசியம், நம் பக்கத்து உதாரணமே கைகொடுக்கும். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பைப் பூவிலேயே மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டால், பிறகு கூழ் ஆலையில் விலை எவ்வளவு ஏறினாலும் தோப்புக்காரருக்கு ஒரு பைசா வராது. ஆனால் அடுத்த பூவில் தோப்பு அவர் கைக்குத் திரும்பும். நடிகை கையெழுத்திட்ட உரிமைவிடுப்புத் தாளில் அடுத்த பூ என்பதே கிடையாது. ஒருமுறை வாங்கிய கூலியோடு அந்த உருவம் என்றைக்கும் வேறொருவர் சொத்து. இவர்களில் பலர் எழுத வந்ததற்கு இதையும் ஒரு காரணமாக நான் பார்க்கிறேன். நூலின் பதிப்புரிமை அவர்கள் பெயரில் இருக்க முடியும்.

ஜப்பான் இதில் ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. 2022 ஏப்ரலில் அங்கே சட்டப்படி முதிர்வு வயது 20இலிருந்து 18 ஆனது. சிறுவயதில் போட்ட ஒப்பந்தம் என்று ரத்து செய்யும் உரிமையை 18, 19 வயதினர் இழந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஜூனில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் தனி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்தே படப்பிடிப்பு. படப்பிடிப்பு முடிந்து நான்கு மாதம் கழித்தே வெளியீடு. வெளியான பிறகும் ஓராண்டுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், நட்ட ஈடு கேட்க முடியாது. இது எந்த வயதுக்காரருக்கும் பொருந்தும். இதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தங்களைக் கேட்காமல் அவசரமாகப் போட்ட சட்டம், ஒப்புக்கொண்ட வேலைகள் நின்று வருமானம் போயிற்று என்று நடிப்பவர்களில் பலர் எதிர்த்தார்கள். அதையும் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

மருத்துவச் சோதனையைப் பற்றிக் கட்டாயம் ஒரு பத்தி வேண்டும். அமெரிக்காவில் 1998இல் எச்.ஐ.வி. பரவியபோது, நடிகையாக இருந்த ஷரோன் மிட்செல் நடிப்பவர்களுக்காகவே ஒரு மருத்துவமனை தொடங்கினார். மாதம் ஒருமுறை சோதனை, சீட்டு இருந்தால்தான் படப்பிடிப்பு என்ற ஒழுங்கு அங்கிருந்து நிலைத்தது. அதில் ஒரு பொத்தல் உண்டு. தொற்றிய உடனே எந்தச் சோதனையும் காட்டாது. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனைக்குக்கூட ஏறக்குறைய பத்து நாளாவது ஆகவேண்டும். 2004இல் வெளிநாட்டில் நடித்துவிட்டுத் திரும்பிய ஒருவருக்குச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அடுத்த சோதனைக்குள் அவரோடு நடித்த பெண்களில் மூவருக்குத் தொற்றிவிட்டது. சோதனைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பின்னர் 14 நாளாகக் குறைத்தார்கள்.

அந்த மருத்துவமனை 2011இல் மூடப்பட்டது. அதே ஆண்டு அதன் தரவுகள் கசிந்து, ஆயிரக்கணக்கானவர்களின் இயற்பெயர்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. இயற்பெயர் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தன் நூலின் அட்டையிலோ, விசாரணைக் குழு முன்போ, தானே விரும்பிக் கொடுத்த பேட்டியிலோ அவரே சொன்ன பெயரை மட்டும் எழுதுங்கள். தேடினால் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பெற்றோர் பெயர், பிள்ளைகள், இப்போது வசிக்கும் ஊர் எதுவும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள்: ஒருவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றிப் பேசுவது குற்றமில்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின், ஆபாச வெளியீடுகள் பற்றிய 294ஆம் பிரிவே, இலக்கியம், கலை, அறிவு ஆகியவற்றின் நலனுக்கான வெளியீடுகளுக்கு விலக்கு தருகிறது. சமகாலச் சமூக அளவுகோலை வைத்து, படைப்பை முழுதாகப் பார்த்தே ஆபாசம் எது என்று முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியிருக்கிறது. கவனமாக இருக்க வேண்டியது காட்சிகளில். திரையில் எந்தத் துணுக்கையும் போடாதீர்கள். வட்டத்தின் வாட்ஸப் குழுவில் எதையும் பகிராதீர்கள். வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு வழியில் அனுப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். அமெரிக்க நடிகை டிரேசி லார்ட்ஸைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அவருடைய படங்களில் ஏறக்குறைய எல்லாமே 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்டவை என்று 1986இல் தெரியவந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவற்றைத் தேடவே தேடாதீர்கள். அத்தகைய பொருளைக் கைவசம் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் எழுதிய தன்வரலாற்றைப் படியுங்கள், அதிலிருந்து பேசுங்கள்.

கேள்வி நேரத்தில் யாராவது, நம் ஊர்ப் பெண்கள் வீடியோகூட வருகிறதே, அவர்களும் நடிகைகள்தானா என்று கேட்பார்கள். தயாராகப் போங்கள். இந்தியாவில் சட்டப்படியான பாலியல் படத்துறை கிடையாது. ஓசூரிலோ அரூரிலோ ஒரு பெண்ணின் அந்தரங்கக் காட்சியை அவளுக்குத் தெரியாமல் எடுத்தாலும், நம்பி அனுப்பியதை மற்றவர்களுக்குப் பரப்பினாலும், அவள் குற்றத்துக்கு ஆளானவள். அதை நடிப்பு என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அந்த அரங்கிலேயே ஒருவருக்கு இது தேவைப்படலாம் என்பதால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுங்கள். வீடியோவை யாருக்கும், காவலருக்குக்கூட, வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம். அது இருக்கும் இணைப்பு முகவரி, பதிவேற்றியவரின் கணக்குப் பெயர், தேதி ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். தொலைபேசி எண் 1930. நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே அந்த எண்ணைப் பலகையில் எழுதிவைத்துவிடுங்கள், கேட்கத் தயங்குபவர்களும் குறித்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா